வாழ்க்கைத் தரம் எப்படி என்று கேட்டால் வித்த நிலத்தைச் சொல்வார்கள்: பாலியேட்டிவ் கேர் கேள்விப் படிவத்தைத் தமிழில் வேலிடேட் செய்வது

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். திண்ணையில் நார்க்கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த பெரியவருக்கு வாயில் புற்று, கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. பாலியேட்டிவ் கேரில், அதாவது தீராத நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் சிகிச்சையில், வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பதினைந்து கேள்விப் படிவம் ஒன்று என் கையில். அதன் கடைசிக் கேள்வியைப் படித்தேன். “கடந்த ஒரு வாரத்தில் உங்களுடைய ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்? 1 என்றால் மிக மோசம், 7 என்றால் மிகச் சிறப்பு.” அவர் கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டு ஏக்கர் இருந்துச்சு தாயி, கெணத்தோட. வைத்தியத்துக்கு வித்தாச்சு. இப்ப ரேசன் அரிசிதேன். தரம் என்ன தரம், ஒண்ணு போட்டுக்க” என்றார்.

ஒன்று போட்டுக்கொண்டேன். ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே மனிதர்தான் மார்ஃபின் மாத்திரை ஒத்துக்கொண்டது, வலி விட்டிருக்கிறது, மூன்று ராத்திரியாக நல்ல தூக்கம், பேரனை மடியில் வைத்துக்கொள்ள முடிகிறது என்றெல்லாம் சொல்லியிருந்தார். மற்ற பதினான்கு பதில்களும் ஒரு பக்கம் நிற்க, பதினைந்தாவது மட்டும் தனியாகப் பாதாளத்தில் கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தமிழ் வாக்கியத்தில் பிழை என்று காட்ட எதுவுமே இல்லை. அதைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றியவர் மூல வாக்கியத்தையே கிட்டத்தட்ட அச்சு பிசகாமல் கொடுத்தார், நிபுணர் குழுவில் எல்லோரும் டிக் அடித்தார்கள். படித்தவர்களுக்கு ‘வாழ்க்கைத் தரம்’ என்பது ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒட்டிவைத்த லேபிள். நமக்குள்ளேயே போய்த் திரும்பி வந்தால் அது சரியாகத்தான் இருக்கும். கட்டிலில் கிடப்பவருக்கு வாழ்க்கைத் தரம் என்றால் வசதி, சொத்து, சோறு.

எம்.டி., எம்.எஸ்சி. நர்சிங், எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்கள் தீசிஸுக்கு இந்த மாதிரி ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, ‘ஆல்ஃபா 0.8 வந்துடுச்சு, வேலிடேஷன் முடிஞ்சுது’ என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். வேலிடேஷன் என்பது படிவம் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று நிறுவுவது, ஆல்ஃபா என்பது கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா நன்றாகத்தான் வரும். அதனால் கணக்கைப் பின்னால் வைத்துக்கொள்வோம், முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலையைப் பேசலாம்.

படிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் அனுமதியும்

நோய் முற்றிய நிலையில் இருப்பவருக்கு நீளமான படிவம் கொடுப்பது கொடுமை. ஃபேசிட்-பால் நல்ல படிவம்தான், ஆனால் 46 கேள்விகள். இருபதாவது கேள்விக்குள் ஆள் கண்ணை மூடிவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓக்யூஓஎல்-பிரெஃப் 26 கேள்விகள் கொண்டது. அதை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று என்பதால் நம் ஊரில் அதற்கு மவுசு உண்டு. ஆனால் அது எல்லோருக்குமான பொதுப் படிவம், சாவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கென்று செய்தது அல்ல. மெக்கில் படிவம் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா என்பது வரைக்கும் கேட்கும், அதை உட்கார்ந்து கேட்க நேரமும் மனமும் வேண்டும். பாலியேட்டிவ் கேருக்கென்றே செய்த ஐபாஸ் படிவமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல்முறை செய்கிறவர்கள் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி-யின் சி15-பால் படிவத்தை எடுப்பது நல்லது. 30 கேள்விகள் கொண்ட சி30 படிவத்தைச் சுருக்கி 2006-இல் வெளியிட்டது, பதினைந்தே கேள்விகள். ஆனால் ஒன்று, புற்றுநோய் அல்லாத நோயாளிகளை, உதாரணத்துக்குச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை, பக்கவாதம் வந்து படுத்தவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் இது ஒத்துவராது.

இவையெல்லாம் காப்புரிமை உள்ளவை. இணையத்தில் ஒரு பிடிஎஃப் கிடைத்ததே என்று எடுத்து மொழிபெயர்க்க உட்காராதீர்கள். உரிமை வைத்திருப்பவர்களுக்கு முதலில் எழுதிக் கேளுங்கள், பல படிவங்களுக்குத் தமிழ் வடிவம் அவர்களிடமே இருக்கும். இருந்தால் உங்கள் வேலை மொழிபெயர்ப்பு அல்ல, வேலிடேஷன் மட்டும். ஒரு சொல்லைக்கூட நீங்களாக மாற்றக்கூடாது, மாற்ற வேண்டும் என்று தோன்றினால் காரணத்தோடு அவர்களுக்கு எழுத வேண்டும். இன்னொன்று, கையில் கிடைக்கும் தமிழ் வடிவம் எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ‘வருத்தம்’ என்றால் நோய், நமக்கு மனவேதனை. இலங்கைக்குச் சரியாக இருப்பதை அப்படியே மேலூருக்குக் கொண்டுவந்தால் உடம்புக் கேள்விக்கு மனசுப் பதில் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பு

இதன் நடைமுறையைப் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள், இஸ்போர் என்ற சர்வதேச சுகாதார ஆய்வுச் சங்கத்திடமிருந்து 2005-இல் வந்த வழிகாட்டி பத்துப் படிகளாகப் பிரித்துச் சொல்கிறது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத வேறு ஆட்கள் அதைத் திருப்பி ஆங்கிலமாக்க வேண்டும், குழு உட்கார்ந்து வேறுபாடுகளைத் தீர்க்க வேண்டும், அப்புறம் நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் மதுரைப் பக்கத்தில் பெரும்பாலும் ஒப்புக்கு நடக்கிறது.

தமிழாக்கும் இருவரில் ஒருவர் மருத்துவம் தெரிந்தவராக இருக்கலாம், மற்றவர் கட்டாயம் தெரியாதவராக இருக்கட்டும். தமிழ் எம்.ஏ. படித்தவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தவறில்லை, ஆனால் அவர் ‘மலச்சிக்கல்’, ‘குமட்டல்’, ‘பசியின்மை’ என்று பாடப்புத்தகமாக எழுதிக் கொடுப்பார். எங்கள் குழுவில் மிகவும் உதவியது, வீட்டு விசிட்டுக்குப் போகும் செவிலியர் அக்கா ஒருவர்தான். பிறந்து வளர்ந்தது பேரையூர்ப் பக்கம், ஒவ்வொரு சொல்லுக்கும் “இதை எங்க அப்பத்தாட்ட கேட்டா என்ன சொல்லும்” என்று யோசித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

சொற்கள் வழுக்கும் இடங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நாங்கள் சறுக்கிய இடங்களையே சொல்கிறேன்.

சோர்வு. சி15-பாலில் பலவீனம், களைப்பு, மனம் வாடிப்போவது மூன்றும் தனித்தனிக் கேள்விகள். எங்கள் முதல் வரைவில் ‘பலவீனம்’, ‘சோர்வு’, ‘மனச்சோர்வு’ என்று இருந்தது. படிக்கிறவருக்கு மூன்றும் வேறு, காதால் கேட்கிறவருக்கு இரண்டு சோர்வு. “மனச்சோர்வா இருந்துச்சாம்மா?” என்று கேட்டால் “ஆமா, எந்திரிக்கவே முடியல, கை காலெல்லாம் ஓஞ்சு கெடக்கு” என்று பதில் வரும். களைப்புக்கு ‘அசதி’ என்று போட்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மனசுக்கு என்ன போடுவது என்பதில் குழுவில் சண்டையே நடந்தது. ‘மனசு ஒடிஞ்சுபோன மாதிரி’ என்று ஒருவர் சொன்னார், கேட்பவர் அழ ஆரம்பித்துவிடுவார் என்று இன்னொருவர். அது மூலச் சொல்லைவிடக் கனமான சொல் என்பதும் உண்மை. கடைசியில் ‘மனசு வாடி, எதிலும் ஈடுபாடு இல்லாமல்’ என்று எழுதினோம். அதிலும் இரண்டு விஷயம் கலந்துவிட்டது என்று உரிமையாளர் தரப்பிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். சரியான கண்டிப்பு, ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். ஈடுபாட்டை வெட்டிவிட்டோம்.

டென்ஷன். இது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது என்று நினைத்து அப்படியே விட்டோம். ஆனால் நம் ஊரில் டென்ஷன் ஆவது என்றால் பெரும்பாலும் கோபப்படுவது. ஒரு அம்மாவிடம் கேட்டபோது, “எனக்கென்ன டென்சன், அவருதேன் எல்லாத்துக்கும் டென்சன் ஆவாரு” என்று புருஷனைக் காட்டினார். அந்த அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தூக்கமில்லை. படிவத்திலோ ‘இல்லவே இல்லை’. ‘படபடப்பு’ என்று மாற்றினால் இதய நோய் பக்கம் போய்விடுகிறது. ‘மனசு நிலைகொள்ளாமல் இருந்ததா’ என்பது ஓரளவு வேலை செய்தது.

இளைப்பு. மூச்சுத்திணறல் என்பதற்குப் பேச்சில் இளைப்பு, எளைப்பு என்பார்கள், ஒரு குழு உறுப்பினர் அதைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தார். புற்றுநோயாளியிடம் போய் “இளைப்பு இருக்கா” என்று கேட்டால் “ஆமாம்மா, பாதியா எளைச்சுட்டேன்” என்று தொளதொளத்த ஜாக்கெட்டைக் காட்டுவார். ‘மூச்சு வாங்கியதா’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம் ‘இல்லை’. இதை மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். “பசி இல்லாமல் இருந்ததா?” என்று கேட்கிறோம். அவர் “இல்ல” என்கிறார். பசி இல்லையா, அப்படி எதுவும் இல்லையா? படிவத்தை நிரப்புகிறவர் தன் போக்குக்கு ஒன்றைக் குறித்துக்கொள்வார். இரண்டு பேர் நிரப்பினால் இரண்டு விதமாக இருக்கும், பின்னால் எந்தக் கணக்குப் போட்டாலும் அது வெளியே தெரியாது. எதிர்மறையாக முடியும் கேள்வியை எப்படியாவது நேராக்குங்கள். ‘பசி குறைந்திருந்ததா’ என்று கேட்டால் “கொறஞ்சுதேன் போச்சு” என்று முழு வாக்கியமாகப் பதில் வரும். நேராக்க முடியாது என்றால், பதிலை அட்டையில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், வாய்ப் பதிலை மட்டும் வைத்துக் குறிக்காதீர்கள்.

மலச்சிக்கல் மார்ஃபின் எடுப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி. ஆனால் ‘மலச்சிக்கல்’ என்று கேட்டால் வாரத்துக்கு ஒருமுறை போகிறவர்கூட இல்லை என்று விடுவார், பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “வெளிக்குப் போறதுல செரமம் இருக்கா” என்றால் சொல்வார்கள். இங்கே ‘சிரமம்’, ‘கஷ்டம்’ இரண்டில் சிரமத்தையே எடுங்கள். “கஷ்டம் இருக்கா” என்று கேட்டால் கடன் கணக்கு வரும்.

படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்க வேண்டியிருந்ததா என்ற கேள்வியில் நாற்காலியைக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டுல சேரே இல்லையே” என்றவர்கள் உண்டு. பாய், திண்ணை, கட்டில் என்று எதையாவது சேர்க்கத் தோன்றும். உரிமையாளர்களிடம் கேட்டு, கேள்வியை மாற்றாமல், பேட்டி எடுப்பவரின் குறிப்பில் விளக்கமாகச் சேர்ப்பதுதான் பத்திரம்.

கடைசிக் கேள்விக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ‘தரம்’ வேண்டாம் என்று ‘உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருந்தது’ என்று மாற்றிப் பார்த்தோம். கல்யாணக் கதையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி அரைமணி நேரம் மாமியார் கதை சொன்னார், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 1 முதல் 7 வரை எதிலும் அடங்கவில்லை. ஏழு நாளை முன்னால் கொண்டுவந்து, ‘இந்த ஏழு நாளில், உடம்பு மனசு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பொழுது எப்படிப் போனது’ என்று கேட்ட பிறகுதான் வயலும் மாமியாரும் விலகினார்கள். இதுவும் பரிந்துரையாக எழுதி அனுப்பியதுதான், நாங்களே அச்சடித்துக்கொள்ளவில்லை.

ஏழு நாள் என்பதையும் சும்மா விட முடியாது. ‘போன வாரம்’ என்றால் சிலர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த வாரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். “போன வெள்ளிக்கெழமையில இருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று கிழமையைச் சொல்லி, அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று அவரையே ஒன்றைச் சொல்லவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பதில் அட்டை

நான்கு பதில்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம். எங்கள் முதல் வரைவு இது. நான்கையும் தனித்தனி அட்டையில் எழுதி, படிக்கத் தெரிந்தவர்களிடம் கலைத்துக் கொடுத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கச் சொன்னோம். ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டும் சிலரிடம் இடம் மாறின. அடுக்கத் தெரியாதவர்களின் தவறு அல்ல, ‘ஓரளவு’ என்ற சொல் அப்படிப்பட்டது, பரவாயில்லை என்ற சாயல் அதில் இருக்கிறது. மூலத்தில் மூன்றாவது பதில் கணிசமானது, கொஞ்சத்தைவிட நன்றாகவே மேலே. ‘கொஞ்சம், அதிகம், மிக மிக அதிகம்’ என்று வைத்தபோது யாரும் தடுமாறவில்லை. அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை.

0 முதல் 10 வரை எண் போடும் படிவமாக இருந்தால், பள்ளிக்கூடம் போனவர்கள் மார்க் போலப் பத்தை நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள், “வலிக்கு பத்துக்குப் பத்து” என்று சிரித்தபடி சொல்வார்கள். எண் புரியாதவர்களுக்குக் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி புரிகிறது. ஆனால் அப்படிக் கேட்டுவிட்டு நீங்களே எண்ணாக மாற்றினால் அது வேறொரு படிவம், அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொல்லாத சொல் ‘பரவாயில்லை’. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நம் ஆட்கள் எல்லோரும் பரவாயில்லைதான். முன்னைக்கு இப்போது தேவலை என்றும் பொருள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் பொருள், வந்தவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றும் பொருள். அதைப் பதிலாக எடுக்காதீர்கள். அட்டையை நீட்டுங்கள்.

நோயாளியிடம் சோதிப்பது

காக்னிட்டிவ் இண்டர்வியூ என்று பெயர், செய்வது எளிது: கேள்வியைப் படி, பதிலை வாங்கு, அந்தப் பதில் எப்படி வந்தது என்று கேள். ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களிடம் புரியவில்லை என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வராது. “இதையே உங்க மகள்ட்ட நீங்க கேக்கணும்னா எப்பிடிக் கேப்பீங்க?” என்று கேளுங்கள். பாதித் திருத்தங்கள் எங்களுக்கு அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

எத்தனை பேர்? இஓஆர்டிசி 10 முதல் 15 பேர் என்கிறது, பீட்டன் குழு 2000-இல் எழுதிய பரவலான வழிகாட்டி 30 முதல் 40 என்கிறது. எண்ணிக்கையைவிட யார் யார் என்பது முக்கியம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத கிராமத்துப் பெண்கள், பேச முடியாமல் கை காட்டுகிறவர்கள் இருக்க வேண்டும். மதுரைக்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது, இங்கே வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் நிறைய, திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. கடைத்தெருவில் வெளுத்து வாங்கும் தமிழ்தான், ஆனால் வலியை எந்த மொழியில் நினைக்கிறார்கள் என்று தெரியாது. சேர்ப்பதோ விடுவதோ, முன்கூட்டியே முடிவு செய்து எழுதுங்கள். நாங்கள் சேர்த்தோம், வீட்டு மொழியைத் தனியாகக் குறித்துக்கொண்டோம்.

ஒரே உட்காரலில் எல்லாக் கேள்வியையும் துருவாதீர்கள். ஒருவரிடம் நான்கைந்து கேள்விகளை மட்டும் ஆழமாகக் கேட்டு, மீதியை அடுத்தவரிடம். மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

வீட்டு ஆட்கள் பதில் சொல்வார்கள். “அதுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்று மருமகள் முன்னால் வருவார், கெட்ட எண்ணம் இல்லை, ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவரிடம் தனியாக ஒரு படிவத்தைக் கொடுத்து, “நீங்க பாத்ததை இதுல சொல்லுங்க” என்று இன்னொருவரை அவரோடு உட்காரவையுங்கள். அது ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

இதைவிடப் பெரிய விஷயம், பாதி வீடுகளில் நோயாளிக்கு என்ன நோய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலிலேயே மகன் மறித்து, “அம்மாட்ட கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்” என்பார். படிவத்தின் தலைப்பில் ‘புற்றுநோயாளிகளுக்கான’ என்று அச்சாகியிருந்தால் போச்சு. தலைப்பு, ஒப்புதல் படிவம், உங்கள் அடையாள அட்டை, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் வரைக்கும் பாருங்கள். சில படிவங்களில் சாவைப் பற்றிய பயத்தையே நேராகக் கேட்கும் வரி உண்டு. அதை எந்த நிலையில் கேட்பது, எப்போது தாண்டிப்போவது என்று நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒப்புதலில் இன்னொரு இடி. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி சொல்கிறது. ஆனால் சாகக் கிடக்கும் ஒருவரிடம் நாலைந்து பேர் போய், மை டப்பாவை நீட்டினால் வீட்டுக்காரர்களுக்கு என்ன தோன்றும்? ஒரு வீட்டில் தம்பி மகன் ஓடிவந்து பேப்பரைப் பிடுங்கி, பத்திரமா என்று புரட்டிப் பார்த்தார். அதிலிருந்து கூட்டம் கூடியிருக்கும்போது மையை எடுப்பதில்லை. முதலில் வெறும் படிவத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், யாரிடமாவது காட்டிப் படிக்கட்டும், அடுத்த முறை போகும்போது கைநாட்டு.

இனி கணக்கு

சொற்கள் ஒரு நிலைக்கு வந்தபின் பெரிய குழுவிடம் போகலாம். கேள்விக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்கை வைத்தால் 15 கேள்விக்கு 150 பேர். பாலியேட்டிவ் கேரில் இடையில் விட்டுப்போவோர் அதிகம் என்பதால் கூடுதலாகவே திட்டமிடுங்கள்.

சி15-பாலில் உடல் இயக்கத்துக்கு மூன்று கேள்விகள், மனசுக்கு இரண்டு, களைப்புக்கு இரண்டு, வலிக்கு இரண்டு, மீதி ஆறும் ஒற்றைக் கேள்விகள். பதினைந்தையும் கொட்டி ஒரே ஆல்ஃபா போடுகிறார்கள், அதற்கு அர்த்தமில்லை. ஒற்றைக் கேள்விக்கு ஆல்ஃபாவே கிடையாது, இரண்டு கேள்வி உள்ளவற்றுக்கு ஸ்பியர்மன்–பிரவுன் என்ற கணக்கு பொருத்தம். ஆல்ஃபா 0.70-க்கு மேல் வேண்டும், 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும்.

மதிப்பெண் போடும்போது திசையைக் கவனியுங்கள். எல்லாம் 0–100 அளவுக்கு மாறும், ஆனால் இயக்கம், மனசு இவற்றில் கூடினால் நல்லது, வலி, களைப்பு இவற்றில் கூடினால் மோசம். சுருக்கப்பட்ட அளவுகளுக்குக் கையேட்டில் தனி மாற்று அட்டவணை இருக்கிறது, சி30-இன் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள்.

சோர்வுக் குழப்பத்தைக் கணக்கிலும் பிடிக்கலாம். ஒவ்வொரு கேள்வியும் தன் சொந்த அளவோடு, அதாவது அதே விஷயத்தைக் கேட்கும் கேள்விக் கூட்டத்தோடு, 0.40-க்குக் குறையாமல் ஒத்துப்போக வேண்டும், மற்ற அளவுகளோடு ஒத்துப்போவதைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். மனசுக் கேள்வி தன் ஜோடியை விட்டுவிட்டுக் களைப்போடு போய் ஒட்டிக்கொண்டால், அங்கே ‘சோர்வு’ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுடைய பழைய வரைவில் அப்படித்தான் இருந்தது. எண் அதைக் காட்டியது, ஏன் என்று சொல்ல மறுபடியும் திண்ணைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

வேறொரு படிவத்தோடு ஒப்பிடுவதற்கு எட்மன்டன் அறிகுறி அளவான ஈசாஸ் போதும், சிறியது. எது எதோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்று முன்னாலேயே எழுதிவைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். உதாரணத்துக்கு, இரண்டு படிவத்தின் வலிக் கேள்விகளும் 0.50-க்கு மேல் ஒத்துப்போகும் என்று. இப்படி எழுதிவைத்த கணிப்புகளில் முக்கால்வாசி பலித்தால் நல்லது என்பது, படிவங்களின் தரத்தை மதிப்பிட வழிகாட்டும் காஸ்மின் குழுவின் அளவுகோல். எழுந்து நடமாடுகிறவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மதிப்பெண் வித்தியாசப்படுகிறதா என்று, நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதை எண்ணில் சொல்லும் ஈகாக் நிலையை வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் அடியிலோ உச்சியிலோ குவிந்திருந்தால் அந்தப் பதில் அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள். குமட்டல் கேள்வியில் பலர் ‘இல்லவே இல்லை’ என்பது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம்.

மறுபடி கேட்பது

ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டு, இரண்டு பதிலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஐசிசி என்ற எண் 0.70-க்கு மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற ஆய்வுகளில் இரண்டு வாரம் விடுவார்கள். இங்கே இரண்டு வாரத்தில் ஆள் மாறிவிடுவார், அல்லது இருக்கமாட்டார். இரண்டு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை போகும்போது “அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கீங்களா, கூடவா, கொறச்சலா” என்று கேட்டு, மாறவில்லை என்பவர்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாறியவர்களைத் தூக்கிப் போட வேண்டாம், மருந்து மாற்றியபின் படிவம் அந்த மாற்றத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க அவர்கள்தான் தேவை.

தேதி பார்த்துப் போங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் முதல் பேட்டியையும் அடுத்த வாரம் இரண்டாவதையும் வைத்து நாங்கள் கெடுத்துக்கொண்டோம். ஊரே திரும்பி வந்து, பேரப்பிள்ளைகள் சூழ, எதிர்சேவையை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர் சந்தோஷமாக 6 என்றார். எல்லோரும் பஸ் ஏறிப் போனபின் கேட்டால் 3. உடம்பு அதேதான், வலியும் அதேதான். படிவம் தப்பாக அளந்ததா, சரியாக அளந்ததா என்று எங்கள் வழிகாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது பேட்டிக்குக் கிளம்பும் முன், யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் காலையிலேயே வீட்டு விசிட் செவிலியரிடமோ கிராம சுகாதாரப் பணியாளரிடமோ கேட்டுப் பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள். நேராக வீட்டுக்குப் போன் போடாதீர்கள். நாங்கள் ஒருமுறை போட்டோம், மகள் எடுத்தார், “அப்பா எப்படிம்மா இருக்காங்க” என்று கேட்டோம், பின்னால் சங்குச் சத்தம். அதிலிருந்து பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுவைத்திருக்கிறோம், செவிலியர் அதில் டிக் போடாமல் அந்த எண்ணை யாரும் தொடக்கூடாது. இறந்திருந்தால், முதல் பேட்டியின் படிவம் ஆய்வில் இருக்கும், இரண்டாவது ‘இறப்பு’ என்று காரணத்தோடு பதிவாகும், பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பேட்டி எடுத்தவர் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வருவார், கையில் எந்தப் பேப்பரும் இல்லாமல்.